எப்ப அண்ணே நாங்க கைவிட்டோம்?

2017 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் நாங்கள் போகிற சபையில் அறிவிப்புகளெல்லாம் வாசித்து முடித்தபின் ஆயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். அப்போது எனக்கு 41 வயது. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறவன்தான். ஆனால் சபை நடுவே நின்று, கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றுதான் முதல்முறை. சாட்சி சொல்வது என்போம் இதை.

என் மகளுக்கு டெங்கு வந்து, ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 18,000-க்கு இறங்கி, 7 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதைத்தான் சொன்னேன். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். அப்புறம் குரல் திறந்துகொண்டது. இன்னொரு ஆமென். மைக் பிடித்துப் பழக்கமில்லாதவனுக்கு அந்த ஆமென் லேசான போதை மாதிரி. கடைசியில், நான் யோசித்தே வைக்காத ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது: "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை!" சபை முழுவதும் அல்லேலூயா என்று முழங்கியது. வேர்த்து நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தேன். மனைவி மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அருகில் வந்தார். சேலையில் இருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மகள் இருந்த வார்டில் ராத்திரி டூட்டி பார்த்த சிஸ்டர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்; அந்த மாதம்தான் எங்கள் சபைக்கு வரத் தொடங்கியிருந்தாராம். "பாப்பா நல்லா சாப்பிடுதாளா?" என்று விசாரித்தார். பிறகு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? எப்ப அண்ணே நாங்க கைவிட்டோம்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இது எங்கே தொடங்கியது என்று பார்த்தால், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஊருக்குத்தான் போகவேண்டும். எங்கள் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் துதிக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அது எல்லாமே அச்சடித்த துதி. ஆராதனைப் புத்தகத்தில் ஐயர் ஒரு வரி, சபை ஒரு வரி. (சிஎஸ்ஐ போதகரை எங்கள் ஊரில் ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர் நண்பர்கள் குழம்புவதுண்டு.) பாமாலை, கீர்த்தனை, சங்கீதம், முடிந்தது. நடுவில் யாராவது சொந்தமாக "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முனகினால் நாலு தலை திரும்பும். கையை உயர்த்தினால், "அவன் பெந்தெகொஸ்தேக்குப் போயிட்டு வாறான் போல" என்று பேச்சு வரும். (பெந்தெகொஸ்தே என்றால் சொந்த வார்த்தையில், வாய்விட்டுச் சத்தமாகத் துதிக்கிற சபைகள்.) சத்தமாகத் துதிப்பது நம்முடைய வழக்கமில்லை என்றே நினைத்து வளர்ந்தேன்.

யோசித்தால் அது முழுப் பொய். மார்கழிக் குளிரில் விடியற்காலம் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு, ஆர்மோனியமும் டோலக்குமாகத் தெருத்தெருவாகப் பஜனை போனவர்கள் நாங்கள். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்தே தமிழ்க் கிறிஸ்தவனுக்கு ராகமும் தாளமும் உண்டு. அதெல்லாம் கூட்டமாகப் பாடும்போது. தனியாக எழுந்து, சொந்த வார்த்தையில் என்றால்தான் எங்களுக்குத் தொண்டை அடைக்கும்.

ஒரே ஒரு வழி திறந்திருந்தது. ஸ்தோத்திர காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை. கவரில் பெயரும் காரணமும் எழுதிப் பணம் வைத்துக் கொடுத்தால், ஆராதனையில் அதை வாசித்துவிட்டு ஐயர் ஜெபிப்பார். பிறந்தநாள், கல்யாண நாள், புது வீடு, வேலை கிடைத்தது என்று பொதுவாக வரும். எங்கள் ஆச்சியின் கவர் மட்டும் வேறு மாதிரி இருக்கும். எழுதத் தெரியாது, என்னை உட்காரவைத்து எழுதச் சொல்வாள். "முருங்கை மரம் காத்துக்குச் சாயாம நின்னதுக்கு, 2 ரூபாய்னு போடு." இன்னொரு வாரம், "கிணத்துல சித்திரையிலயும் தண்ணி கிடந்ததுக்கு." ஒருமுறை, "சின்னவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை வந்ததுக்கு." அதை ஐயர் வாசித்தபோது எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த என் சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கத்திலா அழுகையிலா தெரியாது. காசை ஆச்சி சேலைத் தலைப்பில் முடிந்துவைப்பாள், காரணத்துக்கு ஒரு முடிச்சு. சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொன்றாக அவிழ்த்து, "இது எதுக்குல முடிஞ்சேன்?" என்று என்னையே கேட்பாள்.

எனக்கு அப்போது மானம் போகும். முருங்கைமரத்துக்கெல்லாம் காணிக்கையா என்று. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற 103-ஆம் சங்கீதத்தை நான் பரிசு வாங்குவதற்காக மனப்பாடம் செய்தேன். ஆச்சி அதைச் சேலையில் முடிந்துவைத்திருந்தாள்.

பிழைப்புக்குத் திருப்பூர் வந்தேன். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. கல்யாணம் பெந்தெகொஸ்தே குடும்பத்தில். அங்கேதான் எனக்கு உண்மையான திகில். மாமியார் வீட்டில் காலை ஐந்து மணிக்கு 1000 ஸ்தோத்திரம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கர்த்தருடைய நாமங்களையும் குணங்களையும் செயல்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் என்று ஆயிரம் முறை வாய்விட்டுச் சொல்வது. அதற்கென்று அச்சடித்த சிறு புத்தகங்களும் உண்டு. முதல் நாள் நான் சுவரோரம் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்தேன். அத்தை கண்ணை மூடியபடியே, "மாப்பிள்ளைக்குச் சத்தம் வரலியே" என்றார்.

அன்னாளும் உதட்டை மட்டும்தானே அசைத்தாள் என்று சாமுவேலின் புத்தகத்தை எடுத்துவிட்டேன். அத்தை சளைக்கவில்லை. லூக்கா 17. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன். அவன் எப்படி வந்தான்? "உரத்த சத்தத்தோடே தேவனை மகிமைப்படுத்தி." மற்ற ஒன்பது பேரும் மனதுக்குள் நன்றி சொல்லியிருப்பார்கள் மாப்பிள்ளை, என்றார். அதற்குமேல் வாதாட முடியவில்லை.

ஆயிரம் முறை ஒரே சொல்லைச் சொல்வது இயந்திரம் மாதிரி என்று எனக்கு நெடுநாள் இளக்காரம் இருந்தது. நாலைந்து மாதம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். இருநூறு முந்நூறு தாண்டியதும் அத்தை புத்தகத்தை மூடிவிடுவார். பிறகு வருவதெல்லாம் சொந்தச் சரக்கு. "நேத்து கரண்டு போகாம மாவு அரைச்சு முடிச்சதுக்கு ஸ்தோத்திரம். பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம். மாப்பிள்ளை கோவப்படாம சாப்பிட்டதுக்கு ஸ்தோத்திரம்." (கடைசியில் சொன்னது எனக்கான குத்து.) கண்ணை மூடிக் கேட்டால் எங்கள் ஆச்சியின் கவர் போலவே இருந்தது. ஒருவர் கூரைவீட்டுச் சிஎஸ்ஐ, இன்னொருவர் நகரத்துப் பெந்தெகொஸ்தே. இரண்டு பேரும் சில்லறையாகத்தான் துதித்தார்கள், நோட்டாக இல்லை.

வாய் திறக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். பெரிய வார்த்தைகளைத் தேடாதீர்கள். "சர்வவல்லவரே, மகா பரிசுத்தரே" என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் சரக்கு தீர்ந்துவிடும், அடுத்தவர் ஜெபத்திலிருந்து கடன் வாங்க வேண்டிவரும். நேற்று நடந்த ஒன்றை, நடந்தபடியே, ஒரு வாக்கியத்தில் சொல்லிப்பாருங்கள். முதலில் வீட்டில், குடும்ப ஜெபத்தில். எனக்கு அதற்கே ஆறு மாதம் ஆனது. மகள் பிறந்து பேசத் தொடங்கியபிறகு சுலபமாகிவிட்டது. அவள் ஸ்தோத்திரம் சொல்லாத பொருளே வீட்டில் கிடையாது, பல்லி உட்பட.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

2017 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க டெங்கு. ஊரெல்லாம் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு 9 வயது. நாலு நாள் காய்ச்சல் அடித்து ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்தது. விட்டுவிட்டது என்று நாங்கள் ஸ்தோத்திரம் சொன்ன அன்றுதான் அவள் வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த நாள்தான் ஆபத்தான நாள் என்பது அப்போது தெரியாது. (இதைப் படிக்கிற பெற்றோர் இதையாவது மனதில் வையுங்கள்: காய்ச்சல் இறங்கியபின் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, ரத்தக்கசிவு இருந்தால் காத்திருக்கக் கூடாது.)

வார்டில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மணிக்கொரு தரம் அந்தச் சிஸ்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். சிறுநீரை அளந்தார். சலைன் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று சொட்டுகளை எண்ணி எண்ணித் திருகினார். 18,000 என்று ரிசல்ட் வந்த இரவு, ரத்தக்கசிவு இல்லை, தட்டணு ஏற்றத் தேவையில்லை, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். நிதானமாகத்தான் சொன்னார். யாரும் கைவிரிக்கவில்லை. மறுநாள் 22,000, அதற்கடுத்த நாள் 41,000.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். ஏழு வயது இருக்கும். இரண்டாம் இரவு அவனுடைய அம்மா என் மனைவியைப் பார்த்து, "நீங்க ஜெபம் பண்றீங்கல்ல, என் பையனுக்கும் சேர்த்துப் பண்ணுங்க" என்றார். மனைவி ஒரு கையை மகள் மேலும் ஒரு கையை அந்தப் பையன் மேலும் வைத்து ஜெபித்தாள். ஒரே ஜெபம். மூன்றாம் நாள் விடியற்காலை அந்தப் பையன் போய்விட்டான்.

என் சாட்சியில் அவன் இல்லை. மனைவி திரும்பாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். வேப்பமரத்தடியில் சிஸ்டர் இரண்டாவதாகச் சொன்னதும் அதைத்தான்: "பக்கத்துப் பெட்டு அம்மா இன்னைக்கு இங்க உக்காந்திருந்தா என்ன அண்ணே நினைச்சிருப்பாங்க?"

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து நான் சொல்லவில்லை. சாட்சி என்றால் இப்படித்தான் முடியவேண்டும் என்று காது பழகியிருந்தது. கன்வென்ஷன் கூட்டங்களில், வீட்டு ஜெபங்களில், எத்தனை சாட்சிகளில் டாக்டர்கள் கைவிட்டிருக்கிறார்கள்! நானும் அந்த வார்ப்பில் என் மகளை ஊற்றிவிட்டேன். சாட்சி என்ற சொல்லை நாம் கோர்ட்டிலும் சொல்கிறோம், கோயிலிலும் சொல்கிறோம். கோர்ட்டில் கூட்டிச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

அந்த வாரம் தூக்கம் சரியில்லை. வியாழக்கிழமை ஆயரிடம் போய், வருகிற ஞாயிறு இரண்டு நிமிடம் வேண்டும், திருத்திச் சொல்லவேண்டும் என்றேன். "தேவையா தம்பி? சின்ன விஷயம்தானே, நல்ல நோக்கத்துல சொன்னதுதானே" என்று தயங்கினார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான்" என்றார். இந்த முறை எழுதிக்கொண்டு போனேன். டாக்டர்கள் கைவிடவில்லை, நான் தவறாகச் சொன்னேன். ஏழு இரவும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கைகளைக் கொண்டு கர்த்தர் என் மகளைத் தந்தார், அதற்காக ஸ்தோத்திரம். எங்கள் பக்கத்தில் ஒரு பையன் இறந்துபோனான். அவனுக்காகவும் அதே ஜெபத்தைத்தான் செய்தோம். ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாய்க்காக ஜெபம் பண்ணுங்கள். அவ்வளவுதான். அல்லேலூயா யாரும் சொல்லவில்லை. சபை அமைதியாக இருந்தது.

முடிந்தபின் ஒருவர், "நல்லா இருந்த சாட்சியைக் கெடுத்துட்டீங்களே பிரதர்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். இன்னொரு பெரியவர், என்னிடம் அதுவரை பேசியதே இல்லாதவர், வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். பல வருஷத்துக்கு முன் ஒரு மகனை இழந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. ஒவ்வொரு சுகமளிப்புச் சாட்சியின்போதும் எழுந்து வெளியே போய்விடுவாராம். அன்று போகவில்லை.

அதிலிருந்து சாட்சி சொல்வதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன். என்ன நடந்தது, எந்த நாள், யார் யார் உதவினார்கள். "உடனே", "அடுத்த நொடியே", "ஒருவராலும் முடியாது" போன்ற சொற்கள் வந்தால் அடிக்கோடிட்டு, உண்மைதானா என்று மனைவியிடம் கேட்கிறேன். அவள் பெரும்பாலும் அடித்துவிடுவாள். இந்தச் சாட்சியைக் கேட்டு ஆமென் சொல்ல முடியாதவர் யாராவது அந்தக் கூட்டத்தில் இருப்பாரா என்றும் பார்க்கிறேன். இருந்தால் சொல்லாமல் விடுவதில்லை. சொல்கிற விதம் மாறும். 66-ஆம் சங்கீதத்தில், "நீங்கள் எல்லாரும் வந்து கேளுங்கள், அவர் என் ஆத்துமாவுக்குச் செய்ததைச் சொல்லுவேன்" என்றிருக்கிறது. என் ஆத்துமாவுக்குச் செய்ததை. அடுத்தவனுக்குச் செய்யாததை அல்ல.

சத்தத்தைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது. அப்போது நாங்கள் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம், வரிசையாக ஆறு வீடு, நடுவில் ஒரு போர் குழாய். மகள் வீடு திரும்பியதற்காக ஒரு சனிக்கிழமை மாலை ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். முப்பது பேர், டேம்பரின், ஒரு சவுண்டு பாக்ஸ் வேறு. ஆறரைக்குத் தொடங்கியது ஒன்பதரையைத் தாண்டிப்போனது. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அண்ணன், நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர், பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சுங்க தம்பி. மூணாவது பாட்டு வரைக்கும்." பத்து மணி ஷிப்டுக்குப் போகவேண்டியவர், எட்டு மணி வரையாவது தூங்கலாம் என்று படுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நம் ஆட்களில் சிலர் உடனே, வழிபட உரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைப்பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அதுவும் சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் சத்தத்தைக் குறித்து வந்த வழக்கிலேயே: பிறர் அமைதியைக் கெடுத்தோ, ஒலிபெருக்கி வைத்தோ, மேளம் அடித்தோதான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. இரவு 10-லிருந்து காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சட்டத்தை விடுங்கள். ஆமோஸைப் படித்தால் கர்த்தரே சொல்கிறார்: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." நியாயம் செய்யாதவனின் பாட்டு அவருக்கு இரைச்சல். தூங்கவேண்டிய அண்ணனுக்கு நான் செய்தது என்ன நியாயம்?

அதற்குப் பிறகு வீட்டுக்கூட்டம் என்றால் இரண்டு நாள் முன்னாடியே ஆறு வீட்டிலும் சொல்லிவிடுவோம். சவுண்டு பாக்ஸ் கிடையாது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டுக்குப் பத்து அறையில் அது எதற்கு என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எட்டரைக்கு ஆசீர்வாதம், டீ, சுண்டல். சுண்டலில் ஆறு வீட்டுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை அந்த அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னைக்கு ஒரு பாட்டுதான் கேட்டேனுங்க" என்றார். புகாரா ஏக்கமா என்று புரியவில்லை.

ஆபீஸ் விஷயம் சின்னது. தினமும் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வசனம் போட்டுக்கொண்டிருந்தேன். நண்பர்கள் பார்த்ததுமில்லை, கேட்டதுமில்லை. எங்கள் பிரிவில் ஒருவர் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவர். "முருகன் புண்ணியத்துல பொண்ணுக்கு சீட்டு கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் டிடிஎஸ் கணக்குக்குப் போய்விடுவார். பிரசங்கமும் இல்லை, கூச்சமும் இல்லை. நம் ஊரில் தெய்வத்தின் பெயரைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. நான்தான் ஒன்று வாய் மூடி இருந்தேன், இல்லாவிட்டால் ஸ்டேட்டஸில் ஒளிந்துகொண்டு பேசினேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டபோது, "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கா. சிஸ்டர்மாரு ராப்பகலா பார்த்தாங்க" என்றேன். "கடவுள் காப்பாத்துனாருங்க" என்று அவரும் சொன்னார். அவ்வளவு எளிதாக இருந்தது. கேட்டவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்றுதானே பேதுருவும் எழுதினார். கேட்காதவர் தோளைத் தட்டிச் சொல்லச் சொல்லவில்லையே.

2021 மே மாதம் அப்பா கொரோனாவில் போனார். ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எட்டுப் பேர். அன்று ராத்திரி போனில் ஒரு உறவினர், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லியிருக்கு தம்பி. ஸ்தோத்திரம்னு சொல்லுங்க, பாரம் இறங்கிரும்" என்றார். சொல்லவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். யோபு, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று முதல் அதிகாரத்திலேயே சொன்னார்தான். மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளைச் சபித்தார் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். சங்கீதப் புத்தகத்துக்கு எபிரேயத்தில் துதிகள் என்று பெயர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு துதிகூட இல்லாமல். அதையும் யாரோ எடுத்துவிடாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

கோயில் திறந்தபின் பல வாரங்கள் நான் பாடவில்லை. எழுந்து நிற்பேன், உட்காருவேன். என்னைச் சுற்றி அச்சடித்த துதியை எல்லாரும் வாசித்தார்கள். சின்ன வயதில் எனக்குச் சலித்துப்போன அதே வரிகள். என் வாயால் முடியாததை அந்த வாரங்களில் அவர்கள் எனக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது. சொந்த வார்த்தையில் துதிப்பதுதான் உயிருள்ள துதி, மற்றதெல்லாம் சடங்கு என்று சொல்கிறவர்களோடு அன்றிலிருந்து எனக்கு ஒத்துப்போகவில்லை. துக்கத்தில் இருக்கிறவரை ஸ்தோத்திரம் சொல்ல வைக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள், போதும்.

லேவியராகமத்தில் ஸ்தோத்திர பலியைப் பற்றி ஒரு விதி உண்டு. பலியிட்ட மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், காலைவரை மீதி வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் எப்படி ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் தின்று தீர்க்கும்? ஊரைக் கூப்பிட்டால்தான் முடியும். எங்கள் பக்கத்து அசனப் பண்டிகை, கோயிலில் ஊருக்கே சோறு போடுகிற விருந்து, இதை வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஓலைப்பாயில் மலைபோல் குவித்த சோறு, அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு, யார் என்ன என்று பார்க்காமல் எல்லாருக்கும். ஆச்சி அசனத்துக்கு அரிசி கொடுக்கும்போதும் காரணம் சொல்லித்தான் கொடுப்பாள்.

2018 அக்டோபரில், மகள் வீடு திரும்பி ஒரு வருஷம் ஆன ஞாயிறு, ஸ்தோத்திர காணிக்கைக் கவரை நானே எழுதினேன். "மகள் டெங்குவிலிருந்து சுகமானதற்காக. ஏழு இரவு தூங்காமல் பார்த்த செவிலியர்களுக்காக. பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவை நினைத்து." கவரில் அத்தனைக்கு இடமில்லை, பின்பக்கமும் எழுதினேன். ஆயர் கவரைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். சிஸ்டர் கோயிலில் இல்லை, டூட்டி. ஆகவே மனைவி முந்தின இரவே திட்டம் போட்டபடி, மட்டன் பிரியாணி செய்து இரண்டு பெரிய அடுக்குக் கேரியரில் கட்டினாள். மதியம் மகளும் நானும் வார்டுக்கு எடுத்துப் போனோம். ஓய்வறையில் ஆறேழு பேர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மகளை அடையாளம் கண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். மார்த்தாண்டம் சிஸ்டர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி அண்ணே. சாட்சியில சேர்த்துச் சொல்லிருங்க."